பேஸ்பால் அணியின் சம்பளக் கணக்கைப் போட்டு மறுகட்டமைப்பைத் திட்டமிடுவது எப்படி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் 30 அணிகளில் எதற்கும் சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. 2025 ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று அளந்து கொடுத்ததைப் பார்த்துப் பழகிய நமக்கு, பணக்கார அணியும் எளிய அணியும் ஒரே பருவத்தில் 162 ஆட்டங்கள் மோதி, சில ஆண்டுகளில் எளிய அணியே மேலே வந்து நிற்பது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கான விடை ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. மேஜர் லீகுக்கு வரும் ஒரு வீரரின் முதல் ஆறு ஆண்டுகள் அவரைக் கொண்டுவந்த அணிக்கே உரியவை. அந்த ஆண்டுகளில் அவர் வாங்கும் சம்பளம், திறந்த சந்தையில் அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகையைவிட மிகக் குறைவு. ஆகவே ஓர் அணியின் நிதிநிலையைப் படிக்க விரும்புபவர் மொத்தச் சம்பளம் எத்தனை கோடி என்பதற்கு முன்பாக, நல்ல வீரர்களின் எத்தனை ஆண்டுகள் அந்த அணியின் கையில் மீதம் இருக்கின்றன, அவை எந்த ஆண்டுகளில் ஒன்றுசேர்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகளைப் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியிடமிருந்து எடுத்திருக்கிறேன். 2018-இல் 115 தோல்விகளோடு அடிமட்டத்துக்குப் போய், 2023-இல் 101 வெற்றிகளைப் பெற்று, 2025-இல் 75 வெற்றி, 87 தோல்வி என்று மறுபடி சரிந்த அந்த அணியின் கதையில், சரியாகச் செய்ததும் தவறவிட்டதும் இரண்டுமே தெளிவாகத் தெரிகின்றன.

அட்டவணையைத் தயார் செய்தல்

ஒரு தாளின் இடப்பக்கத்தில் அணியின் 40 பேர் பட்டியலில் உள்ள பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். மேல்வரிசையில் நடப்பு ஆண்டு தொடங்கி ஆறு ஆண்டுகளைக் குறியுங்கள். ஆட்டத்துக்கான பட்டியலில் 26 பேர்தான் இருப்பார்கள் என்றாலும், வரிக் கணக்கு (மொத்தச் சம்பளம் ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய வரிக்கான கணக்கு) 40 பேரையும் சேர்த்தே எடுக்கப்படுகிறது என்பதால் சிறிய பெயர்களையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் உறுதியான தொகைகளை நிரப்புங்கள். பேஸ்பாலில் பல ஆண்டு ஒப்பந்தம் என்பது முழுக்க உறுதியளிக்கப்பட்ட பணம். வீரர் காயமடைந்தாலும், ஆட்டம் மங்கினாலும், அணியே அவரை வெளியே அனுப்பினாலும், பேசிய தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். வேறோர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டால் அது குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுக்கும், மீதியைப் பழைய அணி சுமக்கும். ஒப்பந்தத்தின் கடைசியில் அணியின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஆண்டு இருந்தால், அதை மறுப்பதற்குக் கொடுக்க வேண்டிய பைஅவுட் தொகையை மட்டும் உறுதியான பணமாக எழுதுங்கள். இடையில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வீரரிடம் இருந்தால், அவர் தங்கிவிடுவார் என்றே எழுதுங்கள். நன்றாக ஆடியவர் அதிகப் பணம் தேடிப் போய்விடுவார், சரிந்தவர் அசையமாட்டார். எனவே அணிக்குச் சுமையாகும் நிலையை வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு.

பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல்கள் வேண்டும். ஒன்று அந்த ஆண்டில் உண்மையாகவே கையிலிருந்து போகும் பணம். மற்றொன்று வரிக்கான தொகை. ஒப்பந்தத்தின் மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியை வைத்து இது போடப்படுகிறது. முதல் ஆண்டில் ஒரு கோடி டாலரும் கடைசி ஆண்டில் மூன்று கோடி டாலரும் வாங்கும் வீரர், வரிக் கணக்கில் எல்லா ஆண்டும் ஒரே தொகையாகத்தான் நிற்பார். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, அணி பணத்தை மறைக்கிறது என்றோ வீணடிக்கிறது என்றோ வாதிடுபவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவதாக ஒரு வரி, தள்ளிவைக்கப்பட்ட பணத்துக்கு. கிறிஸ் டேவிஸின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் 53 ஹோம் ரன்களும் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, பந்தை எல்லைக்கு அப்பால் அடிப்பது) 2015-இல் 47 ஹோம் ரன்களும் அடித்த அவருக்கு, 2016 ஜனவரியில் ஓரியோல்ஸ் ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆண்டுச் சராசரி 2.3 கோடி, ஆனால் அதில் 1.7 கோடிதான் அந்தந்த ஆண்டில் கொடுக்கப்பட்டது, 60 லட்சம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அப்படிச் சேர்ந்த 4.2 கோடி, 2023 முதல் 2032 வரை ஆண்டுக்கு 35 லட்சமாகவும், 2033 முதல் 2037 வரை ஆண்டுக்கு 14 லட்சமாகவும் வெளியேறுகிறது. டேவிஸின் பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த முறைகளில் ஹிட் அடித்த விகிதம்) 2018-இல் .168-க்கு விழுந்தது, 2021 ஆகஸ்டில் அவர் ஓய்வை அறிவித்தார். மட்டையைக் கீழே வைத்த ஒருவரின் பெயர் 16 ஆண்டுகளுக்குப் பிறகும் அணியின் பேரேட்டில் இருக்கும்.

தள்ளிவைப்பது தன்னளவில் தவறில்லை. வட்டி இருக்கிறதா என்பதே கேள்வி. டேவிஸின் பணத்துக்கு வட்டி இல்லாததால் அணிக்கு ஓரளவு லாபம். நியூயார்க் மெட்ஸ் 2000-இல் பாபி போனியாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த 59 லட்சம் டாலரை 8 சதவீத வட்டியோடு தள்ளிவைத்ததால், 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் ஏறத்தாழ 11.93 லட்சம் டாலர் கொடுத்துவருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் ஷோஹேய் ஓடானியின் பத்தாண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் மட்டுமே உடனடிச் சம்பளம். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை போகிறது. பின்னாளில் தரும் பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் அவர் ஆண்டுக்கு 7 கோடியாக இல்லாமல் சுமார் 4.6 கோடியாக எழுதப்படுகிறார்.

சேவைக் காலத்தை நாள் கணக்கில் எண்ணுதல்

உறுதியான ஒப்பந்தம் இல்லாத வீரர்களின் கட்டங்களை நிரப்ப, ஒவ்வொருவரின் சேவைக் காலம் தெரிய வேண்டும். மேஜர் லீக் பருவம் சுமார் 187 நாள்கள் நீடிக்கிறது. அதில் 172 நாள்கள் அணியில் இருந்தால் ஓர் ஆண்டு சேவை முடிந்ததாகக் கணக்கு. முதல் மூன்று ஆண்டுகளில் அணி விரும்பிக் கொடுப்பதே சம்பளம், பெரும்பாலும் அது குறைந்தபட்சத் தொகைதான். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர், 2026-இல் 7.8 லட்சம். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆர்பிட்ரேஷன் உரிமை வருகிறது: அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்லும், உடன்பாடு வராவிட்டால் மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் ஒரு தொகையைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இரண்டு ஆண்டுகளைத் தாண்டி மூன்றாண்டு நிறையாதவர்களில் சேவை நாள்கள் கூடுதலாக உள்ள 22 சதவீதத்தினருக்கு ஓராண்டு முன்பே இந்த உரிமை கிடைத்து, நான்கு முறை சம்பளம் உயர்கிறது. ஆறு ஆண்டுகள் நிறைந்தவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி எந்த அணியோடும் பேசலாம்.

ஆர்பிட்ரேஷன் ஆண்டுகளைச் சிறிய தொகையாக எழுதிவிடாதீர்கள். ஹுவான் சோட்டோ தன் கடைசி ஆர்பிட்ரேஷன் ஆண்டான 2024-க்கு நியூயார்க் யாங்கீஸிடம் 3.1 கோடி டாலர் பெற்றார். அதே நிலை, அதே வகை ஆட்டம் உள்ளவர்கள் முன்பு என்ன வாங்கினார்கள் என்பதை வைத்தே தொகை அமைவதால், ஹோம் ரன்களும் சேவ்களும் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பந்துவீச்சாளருக்குச் சேரும் கணக்கு) அதிகம் உள்ளவர்களுக்கு உயர்வு வேகமாக இருக்கும்.

172 என்ற எண்ணில் ஒரு நாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிறிஸ் பிரையன்டின் கதை போதும். சிகாகோ கப்ஸ் அவரை 2015 ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தது. அந்தப் பருவத்தில் அவருக்கு 171 நாள்கள் சேர்ந்தன. அதனால் அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. அவர் தொடுத்த முறையீடு 2020-இல் தோற்றது. விதிப்படி சரியென்றாலும், இது நியாயமான செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வீரரின் இளமையில் ஓராண்டு என்பது திரும்பக் கிடைக்காத பொருள். லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2022-இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் இதற்கு ஓரளவு மருந்து தேடியது. ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் தேர்வில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவருக்கு முழு ஆண்டு சேவை வழங்கப்படுகிறது. முன்னணி இளம் வீரரைப் பருவத் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்து அவர் விருது பெற்றால், அணிக்கு டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) கூடுதல் தேர்வு ஒன்று கிடைக்கிறது. ஓரியோல்ஸின் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) அட்லி ரட்ச்மன் 2022 மே 21 அன்றுதான் அறிமுகமானார் என்றாலும், புதுமுகத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றதால் முழு ஆண்டு கிடைத்து, 2027 பருவம் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் நிலையில் இருக்கிறார். 2023-இல் விருதை வென்ற கன்னர் ஹென்டர்சனால் அணிக்குக் கூடுதல் தேர்வு கிடைத்தது. அவருடைய விடுதலை 2028 பருவத்துக்குப் பிறகு.

வெல்லப்போகும் ஆண்டைக் குறித்தல்

அட்டவணை நிரம்பியதும் அதை மேலிருந்து கீழாகப் படியுங்கள். எந்தெந்த ஆண்டுகளில் உங்கள் சிறந்த ஐந்து அல்லது ஆறு வீரர்கள் ஒரே நேரத்தில் அணியில் இருக்கிறார்கள்? அவர்களில் பெரும்பாலோர் குறைந்த சம்பளத்தில் இருக்கும் ஆண்டுகள் எவை? அந்த ஆண்டுகளைச் சிவப்பு மையால் சூழுங்கள். அணியின் ஒவ்வொரு முடிவையும் அந்தச் சிவப்புக் கட்டத்தோடு வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஓரியோல்ஸுக்கு அது 2023 முதல் 2027 வரை. ரட்ச்மனும் ஹென்டர்சனும் இணைந்து ஆடுவதாக விதிகள் உறுதிசெய்யும் கடைசி ஆண்டு 2027.

அப்படி ஒரு கட்டமே தென்படாவிட்டால்தான் மறுகட்டமைப்பைப் பற்றி, அதாவது இருக்கும் வீரர்களை விற்று இளம் வீரர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். நல்ல வீரர்கள் எல்லோரும் இரண்டு ஆண்டுகளுக்குள் விடுதலையாகிறார்கள், இளம் வீரர்கள் பயிலும் கீழ்நிலை மைனர் லீகில் அவர்களுக்கு மாற்று இல்லை, உறுதியான பணம் முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் தேங்கி நிற்கிறது என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடுவது நட்டத்தையே வளர்க்கும். 2018-இல் பால்டிமோர் இருந்த நிலை அதுவே. இவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால், எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவதைவிட இரண்டு மூன்று இடங்களைச் சரிசெய்வது மேல். ஐந்து ஆண்டுகள் தோற்கும் அணிக்கும் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாலைகளுக்கு மதிப்பு கொடுக்காத திட்டம் எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிந்தாலும் நல்ல திட்டம் ஆகாது.

ஆண்டுகளை விற்பதும் ஆண்டுகளை வாங்குவதும்

மறுகட்டமைப்பு என்று முடிவானால், வீரரை விற்கும் நேரமே விலையைத் தீர்மானிக்கிறது. ஓரியோல்ஸ் தன் மிகச் சிறந்த வீரரான மேனி மச்சாடோவை 2018 ஜூலையில் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியபோது, அவருடைய ஒப்பந்தத்தில் மீதம் இருந்தது அரைப் பருவம் மட்டுமே. பதிலுக்கு ஐந்து பேர் வந்தார்கள். முதன்மையானவர் என்று கருதப்பட்ட யூஸ்னியல் டியாஸ் சோபிக்கவில்லை, பிட்சர் (பந்துவீச்சாளர்) டீன் கிரெமர் மட்டும் நிலைத்தார். 2019 டிசம்பரில் அதே அணி, மச்சாடோவோடு ஒப்பிடவே முடியாத பிட்சர் டிலன் பண்டியை ஏஞ்சல்ஸுக்கு விற்றது. பண்டியிடம் இரண்டு முழு ஆண்டுகள் மீதம் இருந்தன. வந்த நான்கு இளம் பிட்சர்களில் ஒருவரான கைல் பிராடிஷ், 2023-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்தார். விடுதலைக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே விற்பனையைப் பற்றி யோசித்துவிட வேண்டும் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அதைத்தான் செய்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு 44 கோடி டாலரை ஹுவான் சோட்டோ மறுத்ததும், இரண்டரைப் பருவங்கள் மீதம் இருக்கையிலேயே 2022 ஆகஸ்டில் அவரைச் சான் டியாகோவுக்குக் கொடுத்து, சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் உள்ளிட்டவர்களைப் பெற்றது.

பெரிய சம்பளக்காரரை விற்கும்போது, அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்களே ஏற்றுக்கொள்ளும் வழியும் உண்டு. 2023 ஜூலையில் மேக்ஸ் ஷெர்சரை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பிய மெட்ஸ், 3.5 கோடி டாலருக்கு மேல் தானே கொடுக்க ஒப்புக்கொண்டு, பதிலுக்கு இளம் வீரர் லூயிசாங்கெல் அகுன்யாவைப் பெற்றது. கையில் ரொக்கம் இருந்து, வீரர்கள் இல்லாத அணிக்கு இது நல்ல பரிமாற்றம். ஆனால் பத்து ஆண்டு சேவையும் ஒரே அணியில் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகளும் நிறைந்த வீரரை அவருடைய சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது என்பதை அட்டவணையில் ஒரு குறியிட்டு வையுங்கள்.

டிராஃப்டில் பணத்தைப் பிரித்தல்

தோற்றுத் தோற்று முதல் தேர்வைப் பெறுவதுதான் மறுகட்டமைப்பு என்று நினைப்பவர்கள், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸைக் காட்டுவார்கள். 2011 முதல் மூன்று ஆண்டுகளில் 106, 107, 111 என்று தோற்ற அந்த அணி 2017-இல் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் பட்டத் தொடரை வென்றது; அந்த வெற்றி, எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமரா வழியே திருடியதற்காக 2020-இல் தண்டிக்கப்பட்ட பருவத்தின் வெற்றி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களிடம் கற்க வேண்டியது தோல்வியை அல்ல, பணத்தைப் பிரித்த முறையை. டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அவற்றின் கூட்டுத் தொகையே அணியின் கையிருப்பு. 2012-இல் முதல் தேர்வின் மதிப்பு 72 லட்சம் டாலர். ஹூஸ்டன் கார்லோஸ் கொரியாவை 48 லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, மிச்சப்பட்ட பணத்தைக் கொண்டு 41-ஆம் இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுத்தது. இருவரும் அந்த 2017 அணியில் ஆடினார்கள்.

அதே ஹூஸ்டன் 2013-இல் முதல் தேர்வாக எடுத்த மார்க் அப்பெல் அந்த அணிக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2014-இன் முதல் தேர்வான பிரேடி ஐக்கன் கையெழுத்தே போடவில்லை. மாறாக, அணியின் தூணாக நின்ற ஹோசே அல்டுவே 2007-இல் வெறும் 15,000 டாலருக்கு வெனிசுவேலாவிலிருந்து சேர்க்கப்பட்டவர். ஹென்டர்சனும் 2019-இல் 42-ஆம் இடத்தில் கிடைத்தவர். திறமையான இளம் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் சாரணர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் கரீபிய நாடுகளின் பயிற்சிக் கூடங்களுக்கும் செலவிடும் பணம், சம்பளப் பட்டியலில் எங்கும் தெரியாது. அணிகள் முதலில் வெட்டுவதும் அதையே. மறுகட்டமைப்பில் இறங்கும் அணி உண்மையில் உழைக்கிறதா, வெறுமனே பணத்தை மிச்சம் பிடிக்கிறதா என்பதை அறிய நான் பார்ப்பது இந்தச் செலவைத்தான்.

தோற்பதன் பலனும் இப்போது முன்போல் இல்லை. 2023 டிராஃப்ட் முதல், முதல் ஆறு இடங்கள் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படுகின்றன. தொடர்ந்து குலுக்கலில் பங்கேற்கவும் தடை இருக்கிறது. 2024-இல் 121 ஆட்டங்களைத் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு 2025-இல் கிடைத்தது பத்தாவது இடம்.

இளம் வீரர்கள் பெருகும்போது 40 பேர் பட்டியலில் இடநெருக்கடி வரும். 18 வயதிலோ அதற்கு முன்போ சேர்ந்தவரை ஐந்தாவது பருவத்துக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பின்போ சேர்ந்தவரை நான்காவது பருவத்துக்குள்ளும் அந்தப் பட்டியலில் ஏற்றாவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறோர் அணி அவரை எடுத்துச் செல்லலாம். கிளீவ்லாந்து அப்படி விட்ட அந்தோணி சாண்டான்டரை ஓரியோல்ஸ் 2016-இல் எடுத்தது. 2024-இல் அவர் 44 ஹோம் ரன்கள் அடித்தார்.

முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தம்

சிவப்புக் கட்டத்தை நீட்டிக்க ஒரே நேரடி வழி, வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்கு வெகு முன்பே அவரோடு நீண்ட ஒப்பந்தம் செய்துகொள்வது. அட்லாண்டா பிரேவ்ஸ் 2019 ஏப்ரலில் ரொனால்ட் அகுன்யாவோடு எட்டு ஆண்டு, 10 கோடி டாலருக்கும், ஓஸி ஆல்பீஸோடு ஏழு ஆண்டு, 3.5 கோடி டாலருக்கும் கையெழுத்திட்டது. பிறகு மைக்கேல் ஹாரிஸ், ஆஸ்டின் ரைலி, ஸ்பென்சர் ஸ்டிரைடர் என்று அதே வழியில் போனது. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2023-இல் 106 ஆட்டங்களைத் தோற்றிருந்த நிலையிலும் 2024 பிப்ரவரியில் பாபி விட்டோடு பதினொரு ஆண்டு, ஏறத்தாழ 28.9 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டே 86 வெற்றிகளோடு பிளேஆஃப் போனது.

தொகையை மதிப்பிட எளிய முறை ஒன்று உண்டு. வீரருக்கு மீதமுள்ள குறைந்தபட்சச் சம்பள ஆண்டுகளையும் ஆர்பிட்ரேஷன் ஆண்டுகளையும் நீங்கள் ஏற்கெனவே அட்டவணையில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றைக் கூட்டி மொத்தத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது, விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை. அதே வயதில் அதே தரத்தில் உள்ளவர் சந்தையில் வாங்குவதோடு அதை ஒப்பிட்டால், ஒப்பந்தம் லாபமா என்பது தெரிந்துவிடும். வீரரின் பக்கமும் இதில் உண்டு: காயம் ஒன்றால் எல்லாம் போய்விடக்கூடிய இருபத்திரண்டு வயதுக்காரருக்கு, குடும்பம் தலைமுறைக்கும் நிம்மதியாக இருக்கப் போதுமான பணம் இன்றே உறுதியாவது சிறிய விஷயம் அன்று.

ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் முன்பே கொடுத்தால் இழப்பும் வரும். பிலடெல்பியா பில்லீஸ் 2018-இல் ஸ்காட் கிங்கரிக்கு அறிமுகத்துக்கு முன்பே ஆறு ஆண்டுகளுக்கு 2.4 கோடி டாலர் கொடுத்தது. கடைசி ஆண்டுகளை அவர் பெரும்பாலும் மைனர் லீகில் கழித்தார். ஆனால் இழப்பின் அளவைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட தவறு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். டேவிஸ் போன்ற முப்பது வயதுக்காரருக்குச் செய்த தவறு ஆண்டுக்கு 2.3 கோடி.

பணத்தைத் திறக்கும் நேரம்

மறுகட்டமைப்பில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். சிகாகோ கப்ஸ் 2014-இல் 89 ஆட்டங்களைத் தோற்றிருந்தது. அந்த டிசம்பரிலேயே பிட்சர் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தது. பிரையன்ட் அடுத்த ஏப்ரலில் வரப்போகிறார், அந்தோணி ரிஸ்ஸோ ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்ற கணக்கு நிர்வாகத்திடம் இருந்தது. 2015-இல் 97 வெற்றிகள். 2016-இல் 108 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம். வெற்றி வந்த பிறகு செலவிடுவோம் என்று காத்திருக்காமல், சிவப்புக் கட்டத்தின் முதல் ஆண்டுக்கு முன்பாகவே பணத்தைத் திறந்தார்கள்.

ஓரியோல்ஸ் 2023-இல் 101 ஆட்டங்களை வென்ற பிறகு, பிட்சர் கார்பின் பர்ன்ஸை 2024-க்காக டிரேட் (வீரர் பரிமாற்றம்) மூலம் பெற்றது. அவரிடம் மீதம் இருந்தது ஓராண்டே. பருவம் முடிந்ததும் அரிசோனா அவரை ஆறு ஆண்டு, 21 கோடி டாலருக்கு அழைத்துக்கொண்டது. அவருடைய இடத்துக்கு 41 வயதான சார்லி மார்ட்டனை ஓராண்டுக்கு 1.5 கோடிக்குச் சேர்த்தார்கள். பிராடிஷும் கிரேசன் ராட்ரிகசும் காயத்தில் இருந்ததால் பந்துவீச்சு சரிந்தது, 2025 மே மாதத்திலேயே மேலாளர் மாற்றப்பட்டார். காயங்கள் யாருடைய குற்றமும் இல்லை. என்றாலும், முன்னணி வீரர்கள் மலிவாகக் கிடைக்கும் ஐந்து ஆண்டுகளில் மூன்று கழிந்த பிறகும், அந்த மலிவால் மிச்சமான பணம் ஒரு முதல்தரப் பிட்சரிடம் நீண்ட ஒப்பந்தமாகப் போய்ச்சேரவில்லை என்பது என் குறை. 2025 ஆகஸ்டில் இளம் கேட்சர் சாமுவேல் பசாயோவோடு எட்டு ஆண்டு, 6.7 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது நல்ல தொடக்கம். அதை ரட்ச்மனோடும் ஹென்டர்சனோடும் 2022, 2023-இலேயே முயன்று முடித்திருக்க வேண்டும்.

செலவிடும்போது வீரரின் வயதை ஒவ்வொரு கட்டத்திலும் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஏஞ்சல்ஸ் 2011-இல் ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குக் கொடுத்த பத்தாண்டு, 24 கோடி டாலரும், டெட்ராய்ட் 2014-இல் மிகேல் கப்ரேராவுக்கு 2023 வரை நீட்டித்த 24.8 கோடி டாலரும், கடைசி ஆண்டுகளில் நாற்பதை நெருங்கியவர்களுக்குப் போன பணம். 35 வயதுக்கு மேற்பட்ட கட்டங்கள் சிவப்புக் கட்டத்துக்குள் விழுகின்றனவா, அதற்குப் பிறகா என்பதே முடிவைத் தீர்மானிக்கட்டும். சிவப்புக் கட்டத்தில் முழுப் பயன் கிடைத்தால், பின்னால் வரும் இரண்டு ஆண்டுச் சுமையைத் தாங்கலாம்.

பெரிய அணிகள் கவனிக்க வேண்டிய வரிக் கோடு ஒன்று உண்டு: 2025-இல் 24.1 கோடி டாலர், 2026-இல் 24.4 கோடி. முதல் முறை தாண்டினால் மிகுதித் தொகையில் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு முதல் 50. கோட்டை நான்கு கோடிக்கு மேல் தாண்டினால் முதல் டிராஃப்ட் தேர்வு பத்து இடங்கள் பின்னால் போகும். ஓராண்டு கோட்டுக்குக் கீழே வந்தால் விகிதம் மறுபடி 20-இலிருந்து தொடங்கும். எனவே தாண்டுவதானால் சிவப்புக் கட்டத்தின் நடு ஆண்டுகளில் தாண்டுங்கள்; பெரிய ஒப்பந்தம் ஒன்று முடியும் ஆண்டில் கீழே இறங்குங்கள்.

அட்டவணையை ஆண்டுக்கு நான்கு முறையாவது திருத்த வேண்டும்: உலகத் தொடர் முடிந்து ஆப்ஷன்கள் (ஒப்பந்தத்தின் விருப்ப ஆண்டுகள்) ஏற்கப்படும் அல்லது மறுக்கப்படும் நாள்களில், நவம்பரில், ஆர்பிட்ரேஷன் உரிமையுள்ளவர்களில் யாரை வைத்துக்கொள்வது என்று அணி அறிவிக்கும்போது, ஜனவரியில் ஆர்பிட்ரேஷன் தொகைகள் பரிமாறப்படும்போது, கோடையில் டிரேட் கெடு முடிந்ததும். நடப்புக் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவதால், 2027-இலிருந்து வரிக் கோட்டையும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். கையெழுத்தான ஒப்பந்தத் தொகைகளை மையால் எழுதலாம். புதிய விதிகள் எப்படி அமைந்தாலும் அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும்.